ஓடியாச்சா?

குழியூரில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. சாப்பாடு அங்கே சுவரில் உள்ள குழாய் வழியாக வந்துவிடுகிறது; வேண்டாம் என்றாலும் வரும். "ஓடியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கதவைத் திறந்ததும் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், எழவு வீட்டில் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடமும் கேட்பார்கள். ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் "ஆச்சு" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவரும் பதிலுக்காக நிற்பதில்லை. மரியாதை என்றால் எந்த ஊரிலும் இப்படித்தானே இருக்கிறது.

ஊரின் அரசாங்கப் பெயர் நிலாத் தென்முனைக் குடியிருப்பு. பெரிய பள்ளத்துக்குள் இருப்பதால் ஜனங்கள் அதைக் குழியூர் ஆக்கிவிட்டார்கள். பள்ளத்தின் அடியில் சூரியனையே பார்த்திராத பனிக்கட்டி கிடக்கிறது. அதை வெட்டி எடுத்துத் தண்ணீராகவும் விண்கப்பல்களுக்கு எரிபொருளாகவும் மாற்றுவதுதான் தொழில். நிலாவில் மனிதனின் எடை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் சுமை இல்லாத எலும்பு சும்மா இருக்காது, கரைய ஆரம்பித்துவிடும். அதனால் எல்லாரும் தினமும் உடற்கூடத்துக்குப் போய் இடுப்பிலும் தோளிலும் பாரவாரை மாட்டிக்கொள்ள வேண்டும். மனிதனை ரப்பர் போலத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் வார் அது. மாட்டிக்கொண்டு, காலடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஓட்டப்பட்டையில் ஓட வேண்டும். அது சட்டம்.

செண்பகவல்லிக்கு அந்தச் சட்டம் ஆகவே ஆகாது. கீரைக்கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற தனக்கு எதற்குத் தனியாக ஓட்டம் என்று கேட்பாள். பெயருக்கு நாலு எட்டு ஓடிவிட்டு வந்துவிடுவாள். அவள் புருஷன் பூவநாதன் அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே கோயிலில் அம்மனுக்கும் சாமிக்கும் என்ன பெயரோ அதே பெயர் இவர்களுக்கும் அமைந்துவிட்டதால், ஜாதகத்தைப் புரட்டாமலே முடிந்த கல்யாணம். நிலாவுக்கு வந்த பிறகும் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஒரே மகள் நித்திலா கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தாள்.

பூவநாதன் பனிச்சுரங்கத்தில் துளைப்பான் ஓட்டுபவன். ஒருநாள் சுரங்கத்தின் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அவன் முதுகில் அடித்தது. நிலாவில் பாறைக்கு எடைதான் குறைவு, வேகமாக வந்து மோதினால் அடி அடிதான். மருத்துவமனையில் அவனுடைய காறை எலும்புக்குக் கீழே ஒரு நோவாற்றியைப் பொருத்தினார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். உடம்பில் வலி எழுந்தால் நரம்பு வழியாக அதற்குத் தெரிந்துவிடும்; உடனே ரத்தத்தில் ஒரு சொட்டு மருந்தை விடும். வலி இல்லையென்றால் சொட்டு இல்லை. இதைவிட நியாயமாக ஒரு கருவி இருக்க முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள்.

முதுகு ஆறியது. சொட்டு நின்றது. பூவநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியர்த்தான், கொட்டாவி விட்டான், சோற்றுக் குழாயைப் பார்த்துக் கோபப்பட்டான். பிறகு ஒருநாள் உடற்கூடத்தில் பாரவாரைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிக்கொண்டு ஓடியபோது முட்டி பிடித்துக்கொண்டது, காறை எலும்புக்குக் கீழே குளுகுளுவென்று ஒரு சொட்டு இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. செண்பகவல்லியும் பைத்தியக்காரி, ஆள் தேறிவிட்டான் என்று பாயசம் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் ஓடினான். காலையில் ஓடினான், வேலை முடிந்து ஓடினான், சாப்பாட்டு இடைவேளையில் ஓடினான். வாரை வயிற்றில் தழும்பு விழுகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு ஓடினான். உடற்கூடத்துச் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள். பக்கத்து வீட்டு ஜெபராணி அக்கா வயிற்றெரிச்சலோடு வந்தாள்.

"ஒனக்கென்னட்டி, குடுத்து வச்சவ. எங்க வீட்டுல இருக்கது சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டேங்கு."

செண்பகவல்லிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை நித்திலா கூப்பிட்ட அன்று தொலைந்தது. பூமியிலிருந்து பேசினால் ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் வர ஒரு மூச்சு விடும் நேரம் ஆகும். அன்று திரையில் நித்திலா அழுதுகொண்டே இருந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை, கலைந்துவிட்டது, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், வலி தாங்க முடியவில்லை என்றாள். செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூவநாதன் அப்போதுதான் ஓடிவிட்டு வந்திருந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றான். மகளைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னைக்கு ஓடியாச்சாம்மா?"

ஒரு மூச்சு நேரம் கழித்து அந்தக் கேள்வி நித்திலாவைப் போய்ச் சேர்ந்ததைச் செண்பகவல்லி திரையில் பார்த்தாள். மகள் பிறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் நின்று அழுத மனுஷன் இவன். குழந்தைக்குக் காது குத்தும்போது பார்க்க மாட்டாமல் தெருமுனைக்கு ஓடிப் போனவன். அந்த ஆள் எங்கே போனான் என்று அவள் தேடினாள். எதிரே ஒரு சிரிப்பு மட்டும் நின்றது.

மறுநாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது அவனுடைய இடது கணுக்காலுக்கு மேலே வீங்கிச் சிவந்திருப்பதைக் கண்டாள். விரலால் அழுத்தினாள். அவன் கவனிக்கவே இல்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டர் மெஹருன்னிசாவிடம் கூட்டிப் போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கால் எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல். இந்தக் காலோடு ஒருவர் நிற்பதே கஷ்டம், இவர் எப்படி ஓடுகிறார் என்று டாக்டருக்கே வியப்பு. செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். இவருக்கு வலிக்காக மருந்து இறங்கவில்லை, மருந்துக்காக இவர் வலியை உண்டாக்குகிறார் என்றாள். அந்தக் கொட்டையை எடுத்துவிடுங்கள் என்று கும்பிட்டாள்.

டாக்டர் படத்தை மேசையில் வைத்தார். "நான் நம்புறேன் செண்பகம். ஆனா மருந்தைத் திறக்குறதும் பூட்டுறதும் நலங்காணிதான். என் கையில ஒண்ணுமே இல்லம்மா."

நலங்காணி என்பது குழியூரின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் இயந்திர மூளை. எல்லாருடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. அதன் வழியாக அவரவர் ஓட்டம் நலங்காணிக்குப் போய்விடும். பூமியில் எப்போதோ சில நல்ல ஆராய்ச்சிகள் நடந்தன. உடற்பயிற்சி செய்கிறவர்கள் வலிமருந்துக்கு அடிமையாவது குறைவு என்று அவற்றில் தெரிந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தி அதிகாரிகள் கைமாறி, குழு மாறி, நிலாவுக்கு வந்து நலங்காணியின் மூளையில் ஏறியபோது சுருங்கி ஒரே வரியாகிவிட்டது: ஓடுகிறவன் அடிமையாக மாட்டான். ஆகவே அதிகம் ஓடுகிறவனின் நோவாற்றி எப்போதும் திறந்தே இருக்கும், கேள்வி கேட்பார் கிடையாது. ஓடாத சோம்பேறியின் நோவாற்றியைத்தான் அது உடனே பூட்டும், கூப்பிட்டு விசாரிக்கும்.

டாக்டர் எழுதிப் போட்டார். நலங்காணி பதில் சொன்னது. பூவநாதனின் ஓட்டம் மிகச் சிறப்பு, அடிமையாகும் ஆபத்து இல்லை. எலும்பில் கீறல் இருப்பதால் வலி அதிகம் இருக்கும், எனவே சொட்டின் அளவு கூட்டப்படுகிறது.

டாக்டர் மெஹருன்னிசா அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுச் செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நலங்காணிக்குக் கண் கிடையாது, மணிக்கட்டுப் பட்டைதான் அதற்குக் கண். குழியூர்க் குளியலறையில் தண்ணீர் ஆவியாக வரும், அது பட்டைக்கு ஆகாது என்று எல்லாரும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். புருஷனுடைய பட்டையும் அவளுடைய பட்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவன் உள்ளே போனதும் அவள் இரண்டையும் மாற்றி வைத்தாள். இனி அவன் ஓடுகிற ஓட்டமெல்லாம் அவள் கணக்கில் ஏறும். அவள் கீரைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது அவன் கணக்கில் ஏறும். அவன் சோம்பேறி என்று தெரிந்தால் நலங்காணியே மருந்தைப் பூட்டிவிடும்.

அப்படியே நடந்தது. சில நாளில் பூவநாதனின் நோவாற்றி பூட்டிக்கொண்டது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாரை இறுக்கினான், வெறி பிடித்தவன் மாதிரி ஓடினான், சொட்டு இறங்கவில்லை. இறங்காதபோது கால் வலிக்க ஆரம்பித்தது. இத்தனை மாதமும் சேர்த்து வைத்த வலி. உடற்கூடத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். படுக்கையில் சுருண்டு கிடந்தான். மூக்கு ஒழுகியது, குளிர் நடுங்கியது, வாந்தி எடுத்தான், அவளை வாய்க்கு வந்தபடி திட்டினான். செண்பகவல்லி துடைத்துவிட்டாள், பிடித்துவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்தானே இப்படிச் செய்தேன் என்று ஒவ்வொரு முனகலுக்கும் மனசு அறுத்தது. இருந்தாலும் பட்டையை மாற்றவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முகம் ஒரு மாதிரிக் கோணியது. "நம்ம பேரப்பிள்ள போயிருச்சே செண்பகம்" என்றான். "நித்திலா அழுதாளே. நான் அவகிட்ட என்னத்தக் கேட்டேன்?"

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அவளுக்குள்ளே சந்தோஷம் பொங்கியது. அழுகிற புருஷன் கிடைத்துவிட்டான், அவளுக்கு அது போதும். அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். நித்திலா, தனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது, வலி பரவாயில்லை என்றாள்.

செண்பகவல்லி டாக்டர் மெஹருன்னிசாவிடம் ஓடி, பட்டை மாற்றிய கதையைச் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மருந்து பூட்டியிருக்கிற இந்தச் சமயத்தில் நோவாற்றியை எடுத்துவிடலாம் என்று உடனே நலங்காணியிடம் அனுமதி கேட்டார். நலங்காணி இந்த முறை ஒத்துக்கொண்டது. ஆமாம், பூவநாதன் அடிமையாகும் ஆபத்தில்தான் இருக்கிறார் என்றது. அவருக்குச் சிகிச்சை தேவை என்றது. சிகிச்சை என்ன என்றும் சொன்னது. உடற்பயிற்சி. ஓட்டம் பழைய நிலைக்கு வந்த பிறகு நோவாற்றியை எடுப்பது பற்றி யோசிக்கலாம். அதுவரை அவரைத் தினமும் ஓடவைக்கும் பொறுப்பு, அண்மையில் குழியூரிலேயே மிகச் சிறப்பாக ஓடிவரும் பெண்மணியான திருமதி செண்பகவல்லியிடம் ஒப்படைக்கப்படுகிறது.

டாக்டரும் அவளும் அந்த அறையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பட்டையை மாற்றியதைச் சொல்லாவிட்டால், கீறல் விழுந்த காலோடு, மருந்தும் இல்லாமல், அவனை அவளே வாரில் பூட்டி ஓடவிட வேண்டும். ஓடி ஓடிக் கணக்கு ஏறினால் நலங்காணி மறுபடி மருந்தைத் திறந்துவிடும். சொன்னாலோ, பழைய ஓட்டமெல்லாம் அவன் பேருக்குத் திரும்பிவிடும், மருந்து இன்றைக்கே திறந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் அதே வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது. அவனால் ஓடவே முடியாது என்று டாக்டர், நலங்காணியை மேற்பார்க்கும் பூமிக் குழுவுக்கு எழுதிய மனுவுக்கு, நலங்காணியின் சிகிச்சைத் திட்டம் மிக நன்றாக இருப்பதாகப் பதில் வந்தது.

முதல் நாள் அவனை உடற்கூடத்துக்குக் கூட்டிப் போனவளும் அவள்தான், வாரை மாட்டியவளும் அவள்தான். நாலு எட்டு வைத்தான். ஐயோ என்று உட்கார்ந்தான். ஓட்டப்பட்டையின் ஓரத்தில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, பட்டையை மாற்றிய விஷயம் எப்படியோ ஊகித்தவன் போல, அவள் மணிக்கட்டையே பார்த்தான்.

"தாங்கல புள்ள. எம் பட்டையக் குடுத்துரு."

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். அவன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சுற்றிலும் ஜனங்கள் ஓடிக்கொண்டே அவர்களைப் பார்த்தார்கள். எழுந்து ஓடுங்க அண்ணாச்சி என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். அவளால் முடியவில்லை. பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அங்கிருந்தே நலங்காணியிடம் நடந்ததைச் சொல்லியும் விட்டாள். நலங்காணி கோபப்படவில்லை, அதற்குக் கோபம் கிடையாது. கணக்கைச் சரிசெய்தது, நோவாற்றியைத் திறந்தது. அந்த ஓட்டப்பட்டை ஓரத்திலேயே அவன் முகம் இளகுவதையும், சிரிப்பு திரும்பி வருவதையும் அவள் நின்று பார்த்தாள். அவன் எழுந்து ஓடினான்.

கால் ஒருநாள் ஓடும்போதே முறிந்தது. முறிந்த சத்தம் கேட்டுப் பக்கத்து ஓட்டப்பட்டையில் ஓடியவர்தான் மயங்கி விழுந்தார். பூவநாதன் விழவில்லை. பிறகு உலோகக் கால் வைத்தார்கள். அதோடும் ஓடினான். விடாமுயற்சிக்காகச் சுவரில் இன்னொரு படம் மாட்டினார்கள்.

செண்பகவல்லியை நலங்காணி மறக்கவில்லை. கணக்கு சரிசெய்யப்பட்ட பிறகு பார்த்தால், அவள் ஓட்டம் அதலபாதாளத்தில் கிடந்தது. புருஷனின் பட்டையை ஒளித்திருக்கிறாள், வேலைக்குப் பாதி நாள் போகவில்லை, சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எல்லா அடையாளமும் பொருந்தின. வாழ்நாளில் ஒரு தலைவலி மாத்திரைகூட முழுங்காதவளுக்கு அடிமையாகும் ஆபத்து மிக அதிகம் என்று தீர்ப்பு வந்தது. சிகிச்சை, உடற்பயிற்சி. பயிற்சியாளர், திரு. பூவநாதன்.

மறுத்துப் பார்த்தாள். மறுப்பதும் அடையாளங்களில் ஒன்று என்றார்கள். ஜெபராணி அக்கா வந்து, நல்லதுக்குத்தானட்டி சொல்லுதாங்க, ஓடித்தான் பாரேன் என்றாள். ஓடினாள். பூவநாதன் பக்கத்தில் சிரித்தபடி ஓடிக்கொண்டே, அன்போடு அவள் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிவிட்டான். பழக்கமில்லாத முட்டி இரண்டும் வீங்கின. வலியோடு மகளை நினைத்து ஓடினாள், புருஷனின் இரும்புக்கால் டக் டக்கென்று அடிப்பதைக் கேட்டு ஓடினாள். நாளாக நாளாக அவள் கணக்கு ஏறியது. போதுமான அளவு ஏறியதும், இனி ஆபத்து இல்லை என்று நலங்காணி முடிவு செய்து, முட்டிவலிக்காக அவளுக்கும் ஒரு நோவாற்றியைச் சிபாரிசு செய்தது. டாக்டர் மெஹருன்னிசா வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பூமிக்குப் போயிருந்தார். வேறு யாரோ பொருத்தினார்கள்.

முதல் சொட்டு ஓட்டத்தின் நடுவில் இறங்கியது. முட்டி வலி போயிற்று. அதோடு நெஞ்சுக்குள்ளே நெடுநாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்றும் எழுந்து போயிற்று. மகளை நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வந்தது, கூடவே வரும் குத்தல் வரவில்லை. பக்கத்தில் புருஷனைப் பார்த்தாள். நல்லாத்தானே இருக்கிறார், எதற்காக இத்தனை நாள் இவரைப் படுத்தினோம் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ஜெபராணி அக்கா கதவருகில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "ஆச்சுக்கா" என்றாள் செண்பகவல்லி. முதல் தடவையாக மனசாரச் சொன்னாள்.

நித்திலா கூப்பிட்டாள். திரையில் முகம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் துண்டோடு வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தன் வீட்டுக்காரர் அங்கே இல்லாத நேரம் பார்த்துப் பேசுவதாக நித்திலா சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, அந்த ஆபரேஷனுக்குக் குடுத்த மாத்திரைய என்னால நிறுத்த முடியலம்மா. வலியெல்லாம் எப்பவோ போயிருச்சு. வேற வேற டாக்டர்ட்ட போய் வலிக்குன்னு பொய் சொல்லி வாங்குதேன். அப்பாவுக்கு நடந்தது எல்லாம் நீதான கூட இருந்து பாத்த. ஒன்கிட்ட மட்டுந்தான் சொல்ல முடியும். என்ன செய்யட்டும், சொல்லும்மா."

செண்பகவல்லி மகளை அன்போடு பார்த்தாள். எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று நினைத்தாள். ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும், அது தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று ஒரு கணம் மங்கலாகத் தட்டுப்பட்டது. முட்டியில் லேசாகச் சுருக்கென்றது. காறை எலும்புக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியது. அவள் சிரித்தாள்.

"இன்னைக்கு ஓடியாச்சாம்மா?"

கேள்வி பூமிக்குப் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. பதில் வர அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று. நித்திலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆச்சும்மா" என்றாள்.